யார் பேரில் எழுதுவது

மார்வா டெட்ரிக் மேல் லாயிட் கிரெப்ஸுக்கு நாலு வருஷமாகக் கடுப்பு. யார் கிடைத்தாலும் அதைத்தான் பேசுவான். ஆலோசனைக் கட்டணத்தை இன்ஷூரன்ஸில் வாங்கிக்கொண்டிருந்த வரைக்கும் அந்தப் பொம்பளை மனுஷியாக இருந்தாள், அதை விட்டுவிட்டுக் கைக்காசு கொடுக்கிறவர்களை மட்டும் பார்க்க ஆரம்பித்ததும் பணப்பேயாகிவிட்டாள் என்பான். ஜான்ஸ்டவுனில் முடி வெட்டுகிற கடையில் சொல்லிவிட்டான், மான் வேட்டைக்குப் போகிற வண்டியில் சொல்லிவிட்டான், சர்ச்சில் வெள்ளிக்கிழமை மீன் வறுத்துப் போடுகிற விருந்து வரிசையில் நின்றும் சொல்லிவிட்டான். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். அந்த ஊரில் இன்ஷூரன்ஸால் வயிறு எரியாதவன் யார்?

அவன் சொல்லாமல் விட்டது ஒன்றுதான். பெண்டாட்டி நடீன் ஈரி என்கிற வெளியூரில் தங்கச்சி வீட்டுக்குப் போய் உட்கார்ந்ததும் அதே நாலு வருஷத்துக்கு முன்புதான்.

மார்வா மனநல ஆலோசனை சொல்கிறவள். பெரிய இடத்துப் பெண் இல்லை. இரும்பாலை மூடியபோது வேலை போனவர்களில் அவள் அப்பாவும் ஒருவர். சாப்பாட்டுக் கடையில் தட்டு தூக்கிக்கொண்டே படித்து முடித்தாள். டயர் கடைக்கு மேலே இரண்டு ரூம் பிடித்தாள். வெளி ரூமில் நாலு நாற்காலி. கதவோரம் தரையில் ஒரு சின்ன மெஷின். ஓயாமல் மழை மாதிரி இரைந்துகொண்டிருக்கும். உள்ளே பேசுவது வெளியே கேட்கக் கூடாதே, அதற்கு.

லாயிட் பெட்ரோல் டாங்கர் ஓட்டுகிறவன். நடீனுக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. ஒரு குளிர்காலம் முழுக்க இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டு, நாயைப் பார்த்துச் சொல்லியே ஒருவருக்கொருவர் சேதி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நாய் செத்த பிறகு அதற்கும் வழியில்லாமல் போய், மார்வாவிடம் வந்தார்கள்.

அவள் முதல் நாளே விஷயத்தைப் போட்டு உடைத்தாள். புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது. வியாதிக்குத்தான் உண்டு. இன்ஷூரன்ஸ் வேண்டுமென்றால் இரண்டு பேரில் ஒருவர் நோயாளி. அவர் பேரில் ஒரு வியாதியை எழுதியாக வேண்டும். மற்றவர் கூட வந்து உட்காருகிறவர், அவ்வளவுதான். கைக்காசு கொடுத்தால் யாருக்கும் எந்த வியாதியும் எழுத வேண்டாம்.

கைக்காசு என்றதும் லாயிட் சிரித்துவிட்டான். வியாதி என்றதும் சிரிப்பு நின்றது. டாங்கர் ஓட்டுகிறவனை டாக்டர் வருஷா வருஷம் பரிசோதிப்பார். மனசில் கோளாறு என்று எங்காவது இருந்தால் சாவியைப் பிடுங்கிவிடுவார்கள் என்று அவனுக்குப் பயம். பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தான். அது போதுமாயிருந்தது.

"சரி, என் பேரையே போடுங்க" என்றாள் நடீன். "இவன் லாரி ஓட்டணும். நான் மாக்கரோனி கிண்டறவ. பைத்தியம் கிண்டினா மாக்கரோனி வேகாதா என்ன?"

மூன்று பேரும் சிரித்தார்கள். மார்வா, வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். வாடகை ஏறியிருந்தது, நாற்காலிகள் காலியாயிருந்தன. எழுதினாள்.

அவளிடம் போனதில் பலன் இருந்தது. வீட்டில் பேச்சு வந்தது. ஆனால் பேச்சோடு சண்டையும் வந்தது. நடீன் குரலை உயர்த்தும்போதெல்லாம் லாயிட்டுக்குக் கைவசம் ஒரு பதில் இருந்தது. வியாதி உனக்குத்தானே, எழுதியே கொடுத்திருக்கிறார்களே. முதலில் வேடிக்கையாகத்தான் சொன்னான். அப்புறம் மீன் வறுக்கிற வரிசையில் நாலு பேர் கேட்கச் சொன்னான். நடீன் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகம் அவனுக்கு இன்னும் மறக்கவில்லை.

பிறகு ஒரு நாள், வழக்கம்போல மார்வாவைப் பார்க்கப் போனவர்கள் வெளி ரூமில் காத்திருந்தார்கள். லாயிட் சிகரெட் பிடிக்கக் கீழே இறங்கிவிட்டுத் திரும்பி வந்தால், நடீன் படியிறங்கி எதிரே வந்தாள். வீட்டுக்குப் போகலாம் என்றாள். அந்த வாரமே ஈரிக்குப் பஸ் ஏறினாள். ஏன் என்று போனில் கேட்டதற்கு, "அந்தம்மா என்னைப் பத்தி என்ன சொன்னாங்கன்னு அவங்களையே கேளு" என்றாள். அவன் கேட்கவில்லை. அடுத்த மாதம் மார்வா இன்ஷூரன்ஸை விட்டுவிட்டாள் என்று காதில் விழுந்தது. திட்டுவதற்கு அது தோதாக இருந்தது.

போன மாதம் மளிகைக் கடையில் இறைச்சி வெட்டுகிற பக்கம் போனவன் திகைத்து நின்றுவிட்டான். தலையில் வலைத்தொப்பி, கையில் உறை, மெஷினுக்குப் பின்னால் மார்வா.

"நீங்க இங்க என்ன பண்றீங்க?"

"ஹாம் வெட்டறேன். மெல்லிசாவா, தடியாவா?"

மெல்லிசாக என்றான் லாயிட். ஊரெல்லாம் பணக்காரியாக்கி வைத்திருந்தவள் அவனுக்கு ஹாம் நிறுத்துக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு, நடீன் விஷயமாக ஒன்று கேட்க வேண்டும் என்றான். சனிக்கிழமை மேலே வாருங்கள் என்றாள்.

சனிக்கிழமை போனான். அதே நாலு நாற்காலி. அதே மெஷின், அதே இரைச்சல்.

அன்றைக்கு நடீனைப் பற்றி என்ன சொன்னீர்கள் என்று கேட்டான். மார்வா தலையசைத்தாள். நோயாளி நடீன்தான், அவள் சம்மதமில்லாமல் அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது என்றாள்.

"நானும்தான இங்க உக்காந்து அழுதேன்?"

"அழுதீங்க, லாயிட். ஆனா எழுதினதுல நீங்க கூட வந்தவரு."

அன்றைக்கு அவன் தப்பித்துப் போய் ஒதுங்கிய இடம் அதுதான். இப்போது அங்கேதான் நிறுத்தியிருந்தாள்.

மார்வா மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு போன் சார்ஜரை எடுத்து வைத்தாள். ஒயரில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. அவன் சுற்றியதுதான்.

"இது உங்களுதா?"

அப்போதுதான் ஞாபகம் வந்தது. போனில் சார்ஜ் இல்லை, கம்பெனியில் இருந்து கூப்பிடுவார்கள். கதவோரம் ஒரே ஒரு பிளக். மெஷினைக் கழட்டிவிட்டு இதைச் செருகிவிட்டுத்தான் கீழே போனான். நடீன் வீட்டுக்குப் போகலாம் என்றதும், மேலே ஏறிப் போனை மட்டும் பிடுங்கிக்கொண்டு அவள் பின்னால் ஓடினான்.

மார்வா தன் பங்கைச் சொன்னாள். பொதுவாகத்தான் சொன்னாள், யார் பேரையும் எடுக்கவில்லை. இன்ஷூரன்ஸ்காரன் கூப்பிடுவான், நோயாளி இன்னும் ஏன் குணமாகவில்லை என்பான். குணமாகிறது என்றால் பணத்தை நிறுத்திவிடுவான். அதனால் இல்லை, மோசமாகத்தான் இருக்கிறார், அன்றாட வேலை கூடச் செய்ய முடியவில்லை என்று அவனிடம் கத்துவாள். போனை வைத்துவிட்டுக் கதவைத் திறந்து, வெளியே காத்திருக்கிற அதே ஆளிடம் நன்றாகத் தேறிவிட்டீர்கள் என்பாள்.

"அன்னைக்கும் கத்தி முடிச்சிட்டுத்தான் கதவைத் திறந்தேன். ரூம்ல யாரும் இல்ல. மெஷின் சத்தமும் இல்ல. அது இருந்த பிளக்ல இந்த ஒயர் மட்டும் தொங்கிட்டிருந்தது."

கிளம்பிப் போனவளுக்குப் போன் பண்ணினாளாம், எடுக்கவில்லை. கடுதாசி போட்டாளாம், பிரிக்காமலே திரும்பி வந்ததாம். அதற்கப்புறம் இன்ஷூரன்ஸ்காரனிடம் பேசப் போனைக் கையில் எடுக்க முடியவில்லை என்று இன்ஷூரன்ஸையே விட்டுவிட்டாள்.

"அதோட எனக்கு நிம்மதி வந்துச்சுன்னு நினைக்காதீங்க" என்றாள். "கைக்காசு இல்லாதவங்க எத்தனையோ பேர் இந்தப் படியில இறங்கிப் போனாங்க. இன்ஷூரன்ஸ் இருந்தப்ப அவங்களுக்காகப் பொய் சொன்னேன். இப்ப அவங்க வர்றதே இல்ல."

லாயிட் சார்ஜரைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். ஊரெல்லாம் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். மார்வா கையைக் காட்டித் தடுத்தாள். எழுந்து அவனோடு கதவு வரைக்கும் வந்தாள். மெஷின் இரைச்சலில் அவள் குரல் அவனுக்கு மட்டும்தான் கேட்டது.

"ஈரிக்குப் போங்க, லாயிட். போன்ல வேணாம், நேர்ல. மெஷினைக் கழட்டினது யாருன்னு முதல்ல சொல்லுங்க. அப்புறம் அந்த முதல் நாள் யார் பேரை எழுதியிருக்கணும்னு சொல்லுங்க. எனக்காக மட்டும் எதுவும் பேசாதீங்க."