பாதியில் அணையும் பத்தி

குழாய்க்காரர் உருட்டிய ஊதுபத்திகள் நடுவரை எரிந்து அங்கேயே நின்றுவிட்டன. அவர் மனைவி உருட்டியவை அடிவரை எரிந்தன. இரண்டும் ஒரே பாத்திரத்தில் பிசைந்த மாவு. எவ்வளவு யோசித்தும் அவருக்கு மண்டை காய்ந்ததுதான் மிச்சம்.

முப்பத்தொரு வருடம் வீடு வீடாகப் போய்க் குழாய் மாட்டியவர். முழங்கால் மடங்க மறுத்ததும் வேலை நின்றது. ஒரு மாதம் தொலைக்காட்சிப் பெட்டிக்குக் காவல் இருந்தார். பிறகு, மனைவி பல வருடங்களாக வீட்டில் செய்துவரும் பத்தி வேலையில் தானாகவே போய் உட்கார்ந்துகொண்டார். தேவதாரு மரத்தூள், ஒட்டுவதற்கு ஒரு மரப்பட்டைத் தூள், வெந்நீர், இவ்வளவுதான் சரக்கு. கரியும் கிடையாது, வாசனை எண்ணெயும் கிடையாது. மாவை மூங்கில் குச்சியில் சுற்றி, பலகையில் உள்ளங்கையால் உருட்டி, இரண்டு நாள் நிழலில் காயவைக்க வேண்டும்.

இதில் என்ன இருக்கிறது என்றுதான் அவரும் நினைத்தார். பத்தியை வாங்கி விற்கும் கடைக்காரம்மா நேரிலேயே வந்து நிற்கும்வரை.

"அக்கா, ஒரே பொட்டலத்துல கொஞ்சம் ஒழுங்கா எரியுது, கொஞ்சம் நடுவுலயே அணைஞ்சு போகுது. வாங்கினவங்க என்னை ஒரு மாதிரி பாக்குறாங்க. இன்னொரு தடவை இப்படி வந்தா நான் வேற இடம் பாத்துக்கறேன்."

அவள் போன பிறகு மனைவி தூளைச் சலித்துக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல், "நீங்க பொட்டலம் மட்டும் கட்டுங்களேன்" என்றாள்.

அந்த 'மட்டும்' அவரைச் சுட்டது. பொட்டலம் கட்ட அரை மணி நேரம் போதும். மீதி நாளுக்கு மறுபடியும் தொலைக்காட்சிதான்.

"ஒரு வாரம் குடு. கண்டுபிடிச்சிடறேன்" என்றார்.

கசிவைத் தேடுவதுபோல ஒவ்வொன்றாகத் தேடினார். இடம் மாறி உட்கார்ந்தார். பலகையை மாற்றினார். மனைவி எடுக்கும் குச்சிகளையே எடுத்தார். மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்க்க வியர்க்க உருட்டினார். காய்ந்ததும், டம்ளரில் மணல் நிரப்பி அவளுடையது ஒன்று, தன்னுடையது ஒன்றாக நட்டுக் கொளுத்தினார். தன்னுடையவை எல்லாம் வரிசையாகக் கண்ணை மூடின.

"எனக்கு மட்டும் ஏன் இப்படி?"

மனைவி இருவருடையதிலும் ஒவ்வொன்றை எடுத்து ஒடித்துக் காட்டினாள். அவளுடையது பொடிந்தது. அவருடையது சுள்ளிபோல 'டக்' என்றது.

"இப்படி இறுக்கினா காத்து எங்க போகும்? நெருப்பு மூச்சு விட வேணாமா?"

"ஒரு சொட்டு ஒழுகாம இறுக்கறதுக்குத்தானே இத்தனை வருஷமா என்னைக் கூப்பிட்டாங்க?"

"இங்க ஒழுகறதுக்கு என்ன இருக்கு?"

காரணம் தெரிந்ததும் குழப்பம் தீரவில்லை, கூடியது. லேசாக உருட்டினால் மாவு குச்சியைவிட்டுக் கழன்று விழுந்தது. கொஞ்சம் அழுத்தினால் பழைய சுள்ளி. நடுவில் ஓர் இடம் இருக்க வேண்டும். அவர் கைக்கு அது பிடிபடவில்லை.

ஐந்தாம் நாள் உருட்டிக்கொண்டிருக்கும்போது மகள் போனில் கூப்பிட்டாள். மனைவி போனை ஸ்பீக்கரில் போட்டு ஜன்னல் விளிம்பில் வைத்தாள். மகள் வீட்டில் புதிதாக மாட்டிய குழாய் சொட்டுகிறதாம்.

"எவன் மாட்டினான்? வாஷர் போட்டானா இல்லையா?"

"எனக்கு எப்படிப்பா தெரியும்?"

"நீ பக்கத்துல நின்னு பாக்க மாட்டியா?"

அரை மணி நேரம் அந்த முகம் தெரியாத ஆளைத் திட்டித் தீர்த்தார். பேசி முடித்தபோது பலகை ஓரத்தில் நாற்பது பத்திகள் கிடந்தன.

ஏழாம் நாள் அவற்றில் மூன்றைக் கொளுத்தினார். மூன்றும் அடிவரை எரிந்தன. அவர் சாம்பலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு நான் எதை மாத்தினேன்?"

"ஒண்ணையும் மாத்தல. பேசிட்டு இருந்தீங்க" என்றாள் மனைவி.

அதை அவர் நம்பவில்லை. அதேபோல் கவனமாக இன்னொன்று உருட்டி, நகத்தால் அழுத்திப் பார்த்தார். காயும் முன்பே நகம் இறங்காத இறுக்கம். தன் கையையே வேறு யாருடையதோ என்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மனைவி மாவை இரண்டாகப் பிய்த்து, பெரிய உருண்டையை அவர் பலகையில் வைத்தாள். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு மகளுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் அதே ஜன்னல் விளிம்பில் வைத்தார்.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல. குழாய் எப்படி இருக்கு?"

"அதெல்லாம் சரி பண்ணியாச்சுப்பா. இப்ப நல்லாத்தான் இருக்கு."

"நல்லா பாத்துச் சொல்லும்மா" என்றார் அவர், மாவைக் கிள்ளிக்கொண்டே.