பயிற்சியாளர் நீட்டிய கடிதம்

டேனிஷ் நகரமான ஹேர்னிங்கில், கல்லூரி அணி ஐஸ் ஹொக்கி விளையாடும் மண்டபத்தில் எனக்குத் துப்புரவு வேலை. தமிழ் அகதிகளின் குடும்பங்களை வரவிடாமல் அரசாங்கம் விண்ணப்பங்களை முடக்கி வைத்திருந்த காலம் அது. என் மனைவி யாழ்ப்பாணத்தில் இருந்தாள்.

அணியின் பயிற்சியாளருக்குக் கோணல் மூக்கு. பயிற்சிக்கு முன் குனிந்து, வெறுங்கையால் பனித்தரையைத் தடவிப் பார்ப்பார். பிறகு என்னிடம், “மனைவி வந்துவிட்டாரா?” என்று கேட்பார்.

“இன்னும் இல்லை,” என்பேன்.

இறுதிச் சுற்றுக்கு அணி புறப்பட்ட அன்று, பஸ்ஸில் ஏறுமுன் அவர் ஒரு கடிதத்தை நீட்டினார். என் மனைவியை வரவிடும்படி அமைச்சுக்கு எழுதியிருந்தார். கீழே அணி முழுவதும் கையெழுத்திட்டிருந்தது.

“இன்று உங்களுக்கு ஆட்டமல்லவா?” என்றேன், அரைகுறை டேனிஷில்.

“அது மாலையில் முடிந்துவிடும். உங்களுடையது முடியவில்லையே.”

முதல் ஆட்டத்திலேயே தோற்றார்கள். கடிதத்துக்குப் பதில் வரவில்லை. மனைவி வர இன்னும் மூன்று வருடங்கள் ஆயின.

வந்தபின் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். “என்னைத் தெரியாத பெடியளெல்லாம் எனக்காகக் கையெழுத்து வைச்சவங்களோ?” என்று அவள் கண்கலங்கினாள். அதைப் பயிற்சியாளரிடம் சொல்லப் போனேன். வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டாராம்.

ஐஸ் ஹொக்கி விதிகள் எனக்கு இன்றும் தெரியாது. தொலைக்காட்சியில் ஆட்டம் வந்தால், ஓரத்தில் நிற்கும் பயிற்சியாளரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.