பூ விட்ட நிலவேம்பு

என் செடிகளைப் பெரியம்மா கேட்காமல் பிடுங்கினார். அதை இன்று நினைத்தாலும் எனக்குக் காது சூடாகிறது.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. புதூர்நாட்டுப் பக்கம் எங்கள் ஊர். பள்ளிக்குப் போகும் பாதையோரம் காய்ந்து நின்ற நிலவேம்பில் காய்களைப் பறித்து வந்து, நர்சம்மா கட்டடத்து வராந்தாவில் உலர்த்தினேன். அந்தக் கட்டடத்துக்கு அப்படித்தான் பெயர். நர்சம்மாவை நான் பார்த்ததில்லை. ஊரில் நல்ல சிமெண்டுத் தரை அங்கேதான். கதவு எப்போதும் பூட்டியே இருக்கும், விரட்ட ஆளில்லை. பெரியம்மாவின் புளி பாதி வராந்தாவை அடைத்திருக்கும். வெயிலில் என் காய்கள் வெடித்து விதைகள் புளிக்குள் சிதற, அவர் திட்டிக்கொண்டே பொறுக்கித் தந்தார்.

வீட்டுக்குப் பின்னால், பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடுகிற இடத்தில் விதைத்தேன். முளைத்ததும் ஆட்டுக்குப் பயந்து முள்வேலி போட்டேன். ஆடு வேலியைத் தள்ளிக்கொண்டு வந்து, ஓர் இலையை மென்று, துப்பிவிட்டுப் போனது. அதன்பின் எனக்குக் கவலையே இல்லை. மனிதர்களைப் பற்றி யோசிக்கவில்லை.

மழைக்காலத்தில் பூ விட்டது. வெள்ளையில் ஊதாக் கீற்று. விதை தருவதாக வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். அந்த வாரம் தம்பிக்குக் காய்ச்சல். மழையில் பாதை அறுந்து, மலையிலிருந்து கீழே ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப் வரவில்லை. பள்ளி விட்டு வந்தால், செடி இருந்த இடத்தில் குழிகள். பெரியம்மா வேரில் மண் போக அலசிக்கொண்டிருந்தார்.

"அது என் செடி! வெதைக்கு வுட்டிருந்தேன்!"

"இன்னாடி மொறைக்கிற? பூ வுட்டாதான் கசப்பு ஏறும். உன் தம்பிக்கு ஒடம்பு அனலா கொதிக்குது, வெதையாம் வெத."

அதோடு விடவில்லை. கஷாயம் வீட்டில் எல்லாருக்கும் உண்டு என்றார். நான் பல்லைக் கடித்து வாயை இறுக மூடிக்கொண்டேன்.

"ஆசையா வளத்தது நீதானே? நீ குடிக்காம வேற யாரு குடிப்பா?" என்று மூக்கைப் பிடித்து ஊற்றினார். அம்மா தடுக்கவில்லை.

காய்ச்சல் இறங்கவில்லை. பாதை சரியானதும் அப்பா தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு ஜீப்பில் திருப்பத்தூர் போனார். பிழைத்து வந்தான். இன்னும் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னதை அம்மா வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லி அழுதார்.

நான் அந்த மழைக்காலம் முழுக்கப் பெரியம்மாவோடு பேசவில்லை. கோபம் வந்தால் நர்சம்மா கட்டடத்துக்குப் போய்க் கதவில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வேன். தலைக்கு மேலே துருப்பிடித்த பூட்டு. சுவரில், குழந்தையை ஏந்திய தாய் ஒருத்தி சிரிக்கும் படம். பெரியம்மாவைத் திட்டித் தீர்ப்பேனே தவிர, அந்தப் பூட்டைத் திறக்க ஒருவர் வந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. எங்களுக்குப் புளி உலர்த்தத்தான் அரசாங்கம் அதைக் கட்டிக் கொடுத்தது என்று நம்பியிருந்தேன்.