சிவகாசியில் சிவந்துபோன பால்

டப்பா மேல் காஷ்மீர் என்று அச்சடித்துக் குங்குமப்பூ விற்கிற ஆளே, நீ விற்றது குங்குமப்பூ இல்லை. உனக்கே அது தெரியும். தெரிந்துதான் பிள்ளைத்தாய்ச்சிப் பெண் குடிக்கிற பாலுக்கு விற்றாய். உன் பெயரும் ஊரும் எனக்குத் தெரியாது. அதனால் நடந்ததை எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கோயம்புத்தூரில் ரயில் ஏறினேன். சிவகாசியில் என் தங்கை எஸ்தரின் மகள் ஜெனிபாவுக்கு ஏழு மாதம். சனிக்கிழமை சாயங்காலம் வளைகாப்பு. பெரியம்மா கையால் குங்குமப்பூ சாதம் வேண்டும் என்று அவள் போனில் கேட்டிருந்தாள். என் வீட்டுக்காரர் புனேயில் வேலை பார்த்தபோது பக்கத்து வீட்டில் கற்றுக்கொண்டது அது. பூ வாங்கி வரவா என்று எஸ்தரிடம் கேட்டேன். "இங்கன நெறையக் கெடக்கு, நீ கைய வீசிக்கிட்டு வாக்கா" என்றாள். அதை நம்பினேன். என் கையால் ஒரு கிராம் நிஜப் பூ கொண்டு போயிருந்தால் உன் சாயம் அன்றைக்கே வெளுத்திருக்கும்.

பிற்பகல் இரண்டு மணிக்கு விருதுநகர். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் மிளகாய் வற்றல் நெடியில் மூன்று தும்மல். இரண்டரைக்கு சிவகாசி பஸ். ஆமத்தூர், திருத்தங்கல் வழியாக இருபத்தேழு கிலோமீட்டர், டிக்கெட் இருபத்திரண்டு ரூபாய். ஜன்னலுக்கு வெளியே கருவேலங்காடும், நடுநடுவே தகரக் கூரை போட்ட பட்டாசு ஷெட்டுகளும், ஒவ்வொன்றின் வாசலிலும் சிவப்பு வாளிகளும். பக்கத்து சீட்டில் ஒரு பட்டாசுக் கம்பெனி அம்மாள். நகக் கண்ணெல்லாம் வெள்ளிப் பொடி.

"எங்கன போறீக?"

"சிவகாசி. தங்கச்சி மகளுக்கு வளைகாப்பு. குங்குமப்பூ சாதம் ஆக்கப் போறேன்."

"அது பால்ல போடுறதுல்ல? சோத்துலயும் போடுவாகளா? எம்புட்டு வெல?"

"கிராம் நானூத்தம்பது."

அம்மாள் நெஞ்சில் கை வைத்தாள். "ஆத்தாடி! எதுக்கு, பிள்ளை செவப்பாப் பொறக்கவா? எனக்கு மூணு. மூணும் கறுப்பு. ஒண்ணு காலேஜுக்குப் போகுது, ஒண்ணு போலீசு வேலைக்கு ஓடுது, ஒண்ணு சும்மாவே ஓடுது."

முன் சீட்டுக்காரரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த அம்மாளுக்கு இருக்கிற புத்தி என் தங்கைக்கு இல்லை என்பது வீட்டுக்குப் போனதும் தெரிந்தது.

நான்கு மணி. எஸ்தர் வீட்டு அலமாரியில் சிவப்பும் தங்கமுமாக ஐந்து அட்டை டப்பாக்கள். மூன்று காலி. நான்காம் மாதம் முடிந்ததிலிருந்து ஜெனிபாவுக்குத் தினமும் காலையில் ஒரு டம்ளர் குங்குமப்பூப் பால் கொடுக்கிறாளாம். எதற்கு என்று கேட்டேன். "மாப்பிள்ளை வீட்டுல எல்லாரும் கொஞ்சம் மட்டான நெறம், அதான்" என்றாள். பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிற டீச்சர் பேசுகிற பேச்சா இது? குழந்தையின் நிறம் டப்பாவிலிருந்து வராது என்று முகத்துக்கு நேரே சொன்னேன். கோபித்துக்கொண்டு காபி போடப் போய்விட்டாள்.

ஒரு டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தேன். மணம் இல்லை. மூக்கு இன்னும் மிளகாய் நெடியில்தான் இருந்தது, அதனால் என் மூக்கைத்தான் சந்தேகப்பட்டேன். எஸ்தரின் கணவர் அருள்தாஸ் அப்போதுதான் வேலை முடிந்து வந்தார். ஆப்செட் அச்சகத்தில் மெஷின்மேன், இருபத்துமூன்று வருட அனுபவம்.

"வாங்க மதினி, சாப்பிட்டீகளா? என்ன, டப்பாவை அப்படி மொறைக்கீக?"

"இது நல்ல பூதானா?"

சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்தார். எப்போதும் அங்கேதான் இருக்கும். டப்பாவை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்துச் சாய்த்தார். "இங்க பாருங்க. நாலு கலரும் ஒண்ணு மேல ஒண்ணு கரெக்டா உக்காந்திருக்கு, ஒரு மயிரிழை தப்பல. கோல்டு ஃபாயில், தடவுனா எழுத்து மேல நிக்கிற எம்பாஸ். கடையில மூணு கம்பெனி இருந்துச்சு. மத்த ரெண்டும் மட்டமான வேலை மதினி, எழுத்தே நிழல் அடிக்குது. போலி விக்கிறவன் டப்பாவுக்கு இம்புட்டுச் செலவு பண்ணுவானா?"

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. அச்சடிக்கிற ஊரில், அச்சைப் பார்த்துத்தான் பூவை வாங்கியிருக்கிறார்கள். அந்த வீட்டில் ஒருவரும் அதுவரை நிஜப் பூவைக் கண்ணால் பார்த்ததில்லை.

சனிக்கிழமை காலை ஆறு மணி. நான்கு கிலோ சீரகச் சம்பாவைக் கழுவி ஊற வைத்தேன். செய்முறை லேசானது. வெதுவெதுப்பான பாலில் பூவைப் போட்டு அரைமணி நேரம் விட வேண்டும். பொன் நிறம் மெதுவாக இறங்கும், இழை மட்டும் சிவப்பாகவே கிடக்கும். நெய்யில் பட்டை, கிராம்பு, ஏலம், முந்திரி தாளித்து, முக்கால் வேக்காட்டுச் சோற்றில் அந்தப் பாலைத் தெளித்து, மூடித் தம்மில் போட்டால் வேலை முடிந்தது. கொஞ்சம் வெள்ளைச் சோறும் கொஞ்சம் பொன்னுமாக இருக்கும்.

பூவைப் பாலில் போட்டேன். கையை எடுப்பதற்குள் பால் சிவந்துவிட்டது. பொன் இல்லை, ரோஸ் மில்க். ஒரு இழையை எடுத்து விரலில் தேய்த்தேன். சாயம் விரலில் ஒட்டிக்கொண்டது, இழை வெளுத்து நூலாகிவிட்டது. நாக்கில் வைத்தேன், இனித்தது. நிஜப் பூ கசக்கும்.

அருள்தாஸைக் கூப்பிட்டேன். கிண்ணத்தைப் பார்த்தவர் லென்ஸைக்கூட எடுக்கவில்லை. எந்த மையில் என்ன நிறம் என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"இது யெல்லோ இல்ல மதினி. மெஜந்தால்ல ஓடுது." அச்சகத்துச் சிவப்பு மைக்கு அதுதான் பெயர். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நான் பாத்து வாங்குனது. நான்தான் பாத்து வாங்குனேன்."

சமையலறை வாசலில் ஜெனிபா நின்றிருந்தாள். கையில் டம்ளர், பாதி குடித்தது. உதட்டுக்கு மேல் ரோஸ் கோடு.

"பெரியம்மா, அப்ப நான் மூணு மாசமா என்னத்தக் குடிச்சேன்?"

டம்ளரை வாங்கித் தொட்டியில் கொட்டினேன்.

எட்டரைக்கு ஆட்டோ பிடித்து டாக்டரம்மாவிடம் போனோம். கட்டணம் அறுபது ரூபாய். டிரைவர் ஜெனிபாவின் வயிற்றைப் பார்த்து ஒவ்வொரு பள்ளத்துக்கும் வண்டியை நிறுத்தி நிறுத்தி ஓட்டினார். டாக்டர் குழந்தையின் துடிப்பைக் கேட்டார், நன்றாக இருக்கிறது என்றார். எஸ்தர் அழுதாள். டாக்டர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சாப்பாட்டுக் கலரா, துணிச் சாயமா? துணிச் சாயம்னா ஈயம்கூட இருக்கலாம். என்ன சாயம்னு தெரிஞ்சாதானே எதைச் சோதிக்கணும்னு நான் சொல்ல முடியும்? பரிசோதனைக்குக் கொடுங்க. கம்பெனிக்காரனையும் கேளுங்க."

உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் பரிசோதனைக்கு ஒரு டப்பாவை எழுதிக் கொடுத்தோம். முடிவு வர நாளாகும் என்றார்கள். வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு அந்த நாள்கணக்கு தெரியாது.

டப்பாவில் இருந்த போன் எண் உபயோகத்தில் இல்லை. முகவரியில் கதவு எண் இருக்கிறது, தெருவும் ஊரும் இல்லை. பதினோரு மணிக்கு, டப்பா வாங்கிய கடைக்குப் போனேன். "டப்பாவுல போட்டிருக்கிறதத்தான்க்கா நாங்களும் படிக்கிறோம்" என்றார் கடைக்காரர். மீதிச் சரக்கை எடுத்து மேசைக்கு அடியில் வைத்தார். விற்க மாட்டேன் என்று மட்டும் சொல்லவில்லை.

டப்பாவின் அட்டையை வெட்டி மடித்திருந்த விதத்தைப் பார்த்தே எந்த அச்சகத்து வேலை என்று அருள்தாஸ் கண்டுபிடித்துவிட்டார். இரண்டு தெரு தள்ளித்தான். அங்கே அவருடைய பழைய கூட்டாளி ஒருவர், கையெல்லாம் மை.

"ஏலே அருளு, டிசைன் வாட்ஸப்புல வந்துச்சு, அடிச்சோம், லோடு லாரியில போச்சு. நடுவுல ஒரு ஏஜெண்டு. அவன் போனும் இப்ப எடுக்கலை. உள்ள பூவப் போடுவானோ புண்ணாக்கப் போடுவானோ, நமக்கென்னலே தெரியும்?"

"கேக்க மாட்டீகளா?" என்றேன்.

"அப்படிக் கேட்டா இந்த ஊர்ல ஒரு மெஷின் ஓடாதுக்கா. நீங்க எந்த ஊரு?"

"இங்கன பக்கத்துல சாத்தூர்ல பொறந்தவதான்."

"அப்பத் தெரியணுமே" என்றார். எனக்குச் சுருக்கென்றது. கோபம் மட்டும் குறையவில்லை.

நான்கு மணிக்கு வளைகாப்பு. சர்ச் ஐயர் வந்து ஜெபம் செய்தார், ஜெனிபாவுக்கு வளையல் போட்டோம். சம்பாவை வெறும் நெய்ச் சோறாக ஆக்கி இறக்கியிருந்தேன். பந்தியில் மாப்பிள்ளையின் அத்தை கேட்டார்: "குங்குமப்பூ சாதம்னீக, வெள்ளவெளேர்னு இருக்கு? பூவ வீட்டுல மறந்துட்டீகளா?"

எஸ்தர் என் முழங்கையைக் கிள்ளினாள். "நல்ல நாள்ல வேணாம்க்கா."

சொன்னேன். டப்பாவைத் தூக்கிக் காட்டி, பந்தியில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கச் சொன்னேன். அத்தை சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார். அவர் மருமகளுக்கு ஐந்தாம் மாதம். வீட்டில் இதே டப்பா. கடைசி வரிசையில் நர்ஸ் வேலை பார்க்கிற ஒரு பெண் எழுந்து வந்து, டப்பாவைக் கையில் வாங்கிப் பார்த்து, தன் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கோயம்புத்தூர் திரும்பினேன். எங்கள் ஊரிலும் இந்த டப்பா இருக்குமா என்று போய்ப் பார்த்தேன். வீட்டுக்கு எதிரே உள்ள கடையில் இருந்தது. பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு நல்லது என்று தனித் தட்டில் அடுக்கியிருந்தார்கள்.

ஆகவே உன்னைக் கேட்கிறேன், டப்பாக்காரா. எங்கள் பணத்தைத் திருப்பித் தர வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம். ஜெனிபாவுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அவள் குடித்த சாயத்தின் பெயர் என்ன? அதைச் செய்தித்தாளில் போடு. உன் பெயரும் தெருவும் சேர்த்து, எங்கள் டாக்டரம்மா படிக்கிற மாதிரி, டப்பாவில் காஷ்மீர் என்று போட்டாயே, அந்த அளவு எழுத்தில் போடு.