டாக்டர் சீட்டில் மடித்த விபூதி

போன மாதம் நான் மூன்றாவது முறையாகச் செத்துப்போனேன். ஈசிஜி எடுத்த பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சார், நெஞ்சு நல்லாத்தான் இருக்கு. மனசுக்குப் பாக்குற டாக்டரப் பாருங்க" என்றாள். பிழைத்துவிட்ட அவமானத்தோடு வீடு திரும்பும்போது அம்மாவை நினைத்துக்கொண்டேன்.

எனக்குப் பத்து வயதில் அம்மாவுக்கும் இதே பீதி. கடலூர் வீட்டில் அரிசி களைந்துகொண்டிருப்பவள் திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "நான் போறேன், புள்ளயப் பாத்துக்குங்க" என்பாள். போகமாட்டாள். எங்களோடு இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, கேஸ் அடுப்பை மூடினோமா என்று தெருமுனையிலிருந்து பத்துமுறை திரும்பிவந்து பார்க்கிறவர். வீட்டில் தீர்ப்பு சொல்வதும் அவர்தான்.

"காத்து கருப்பு பட்டிருக்கு. பதினோரு திங்க சிதம்பரம் போயி விபூதி வாங்கியாரட்டும். அதுக்கும் அடங்கலன்னா குறிஞ்சிப்பாடிக்கு, அவுங்க அம்மா ஊட்டுக்கே அனுப்பிடு."

அப்பா தலையாட்டினார். ஆட்டிவிட்டு, சிதம்பரத்திலேயே ஒரு மனநல டாக்டரை ரகசியமாக ஏற்பாடு செய்தார்.

முழுப்பரீட்சை லீவு. துணைக்கு நான். முதலில் டாக்டர், பிறகு கோயில். அம்மா யாருக்கும் வஞ்சகம் செய்யவில்லை. மாத்திரையையும் கும்பிட்டுவிட்டுத்தான் விழுங்குவாள்.

ஐந்தாவது திங்கள் டாக்டரிடம் கூட்டம் ஜாஸ்தி. ஓடிப்போய்ச் சேர்வதற்குள் கோயில் நடை சாத்திவிட்டார்கள். அம்மா முகம் வெளிறிப்போய், கடையில் ஒரு விபூதி பாக்கெட் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள். ஏறியதும் தூங்கிவிட்டாள். எனக்கு மூளை வேலை செய்தது. கோயில் விபூதி துண்டுத்தாளில்தானே வரும்? அம்மாவின் பையில் கிடைத்த ஒரு தாளில் கொட்டி, அழகாகப் பொட்டலம் மடித்தேன். பாக்கெட் கவரை ஜன்னல் வழியே பறக்கவிட்டேன். கடலூரை நெருங்கி, செம்மங்குப்பத்து ஆலைகளின் கெமிக்கல் வாடையில் அம்மா கண்விழித்தபோது, குடும்பத்தையே காப்பாற்றிய கம்பீரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டில் அத்தை பொட்டலத்தைப் பிரித்தார். விபூதிக்கு அடியில் டாக்டர் பெயர். அதன் கீழே கொட்டை எழுத்தில் 'மனநல மருத்துவர்'. அத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கப் படிக்க என் நெஞ்சு அடித்த அடி இருக்கிறதே, என் வாழ்க்கையின் முதல் பீதி அதுதான். மனதுக்குள் அம்மாவின் பெட்டி குறிஞ்சிப்பாடி பஸ்ஸில் ஏறிவிட்டது.

அத்தை விபூதியை விரலில் தொட்டார். என் நெற்றியில் பூசினார், அம்மாவுக்குப் பூசினார், தானும் பூசிக்கொண்டார். தாளை மறுபடி மடித்தார்.

"அடுத்த திங்க நானும் வரேன்."

"எதுக்கு அத்த?"

"ஏன்டா, நீ போற கோயிலுக்கு நான் வரக்கூடாதா?"

அந்த வாரம் முழுக்க எல்லா பஸ்ஸும் பிரேக்டவுன் ஆகவேண்டுமென்று வேண்டினேன். ஒன்றுகூட ஆகவில்லை. டாக்டரிடம் எங்கள் முறை வந்ததும், அம்மாவுக்கு முன்னால் அத்தை எழுந்து தனியாக உள்ளே போனார்.

"போட்டுக்குடுக்கப் போறாங்கம்மா!" என்றேன்.

"வாய மூட்றா" என்றாள் அம்மா. என்னவோ அவள் பதறவில்லை.

வெகுநேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்த அத்தை கையில் இன்னொரு சீட்டு. கோயிலுக்குப் போகும்போது அம்மாவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டார். அம்மா தப்பி ஓடாமலிருக்க என்று நினைத்தேன். தரிசனம் முடிந்ததும் புது மாத்திரைகளையும் விபூதியையும் தன் முந்தானையில் ஒரே முடிச்சாக முடிந்துகொண்டார்.

பாவம் அம்மா, இனிமேல் இரண்டு மடங்கு மாத்திரை தின்னவேண்டும் என்று பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன்.