ரெசின் ஒத்துக்கொள்ளாத உடம்பு

காலை ஆறு மணி, இருபது கிலோ ரெசின், அதை ஊற்றுகிற எத்திராஜ். அம்பத்தூரில் எங்கள் பட்டறையில் மேசை ஊற்றும் நாள் இப்படித்தான் தொடங்கும். வெயில் ஏறுவதற்குள் இறுகினால் கண்ணாடி மாதிரி ஆகும் ரெசின் பிசினையும் அதை இறுக்கும் ஹார்டனரையும் எடைபோட்டுக் கலந்து, இரண்டு மரப்பலகைகளுக்கு நடுவில் உள்ள பள்ளத்தில் ஊற்றிவிட வேண்டும். மெதுவாக இறுகும் வகை இது, மூன்று நாள் ஆகும். அதற்குள் ஈ, எறும்பு, தூசி, மழை, மாமியார் என்று எது வேண்டுமானாலும் வந்து விழலாம். நீங்களும் ஊற்றுகிறவர் என்றால் அந்த மூன்று நாள் உங்களுக்கும் சோறு இறங்காது என்று எனக்குத் தெரியும்.

இந்த முறை என் பயம் மேசையைப் பற்றியது மட்டுமல்ல. ஒரு மாதமாக எத்திராஜின் கழுத்தில் சிவப்பாகத் தடித்திருந்தது. ரெசின் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போனவர்களைப் பற்றி நாங்கள் இருவரும் கேள்விப்பட்டிருக்கிறோம். அவர்கள் யாரும் திரும்ப இந்த வேலைக்கு வந்ததில்லை. அவருக்கோ வேறு தொழில் கிடையாது. கேட்டால் சிரித்தார்.

"கொரட்டூர் ஏரிக் கொசு அண்ணாத்தே. அதுக்கு நம்ம மேல லவ்வு."

மிச்சம் வைத்த வாளி

ஊற்றியது போக வாளியின் அடியில் கொஞ்சம் மிஞ்சியது. மிச்சத்தை உடனே தட்டில் பரப்பிவிட வேண்டும். ஆழமாகத் தேங்கி நின்றால் அது தானாகவே சூடேறும். டீ வந்த அவசரத்தில் வாளி சன்னலோரம் நின்றுவிட்டது, அதன் மேல் வெயிலும் விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் வாளியிலிருந்து புகை. பிளாஸ்டிக் அடி உருகி நெளியத் தொடங்கியிருந்தது.

பக்கத்தில் பெயின்ட் தின்னர் டப்பா, மரத்தூள் மூட்டை, இரண்டும் சட்டென்று தீப்பிடிப்பவை. எத்திராஜ் வெறுங்கையால் பிடியைப் பிடித்து, முகத்துக்கு நேரே புகையோடு வெளியே ஓடி மணலில் வைத்தார். வெகுநேரம் இருமினார். பக்கத்து லேத் பட்டறை மணி எட்டிப் பார்த்தார்.

"இன்னா மாமே, உள்ள யாருக்குக் கொள்ளி வெக்கிறீங்க?"

மஞ்சள் தண்ணீர்

மேசை கவிதா என்பவருக்கு. ஐ.டி. வேலை, சொந்த ஊர் மதுரைப் பக்கம், காட்டுப்பாக்கத்தில் புது பிளாட், கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. அன்று சாயங்காலம் மாமியாரோடு பார்க்க வந்தார். நாங்கள் செருப்பைக் கழற்றச் சொன்னோம், மின்விசிறியை நிறுத்தினோம், பேசும்போது குனியாதீர்கள் என்றோம். எல்லாவற்றுக்கும் சரி என்றார்கள். நான் பில்லை எடுக்கத் திரும்பினேன். அந்த அம்மா பையிலிருந்து சின்னச் செம்பை எடுத்து, வேப்பிலையால் மேசை முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டார்.

இறுகாத ரெசினில் தண்ணீர் பட்டால் வெள்ளை பூக்கும். எத்திராஜ் டிஷ்யூ பேப்பரைச் சுருட்டி ஒவ்வொரு துளியாக ஒற்றி எடுத்தார். வியர்வையில் மாஸ்க் நழுவ, அதைக் கழற்றிப் போட்டுவிட்டு ரெசினுக்கு ஒரு சாண் மேலே முகத்தை வைத்துக்கொண்டு ஒற்றினார். நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கேட்கவில்லை. அந்த அம்மாவுக்கு எங்கள் பதற்றம் புரியவே இல்லை.

"நல்லதுக்குத்தானப்பா தெளிச்சேன், அம்மன் கோயில் தண்ணி எங்கிட்டாச்சும் கெடுக்குமா?"

இரண்டு கண்ணும்

மறுநாள் எத்திராஜ் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். இரண்டு கண்ணும் வீங்கி மூடியிருந்தன. கழுத்துத் தடிப்பு மார்பு வரை இறங்கியிருந்தது. கொசு என்ற பேச்சே இல்லாமல் தோல் டாக்டரிடம் கூட்டிப் போனேன்.

டாக்டர் கையுறை போட்டு, இமையைப் பிரித்துப் பார்த்தார். உடம்பு ரெசினை ஒருமுறை எதிரியாக எடுத்துக்கொண்டால் அப்புறம் மாறாது என்றார். அடுத்த முறை துளி பட்டாலும் போதும், மூச்சையும் அடைக்கலாம் என்றார். "ஒரு ஊசி போட்டா சரியாப் பூடாதா சார்?" என்று எத்திராஜ் கேட்டார். டாக்டர் எழுதுவதை நிறுத்தினார்.

"உங்களுக்கு வேற வேலை ஏதாவது தெரியுமா?"

தேய்ப்பு

வீக்கம் வடிந்தது. பட்டறைப் பக்கம் வராதே என்று சொல்லியிருந்தேன். நான் மேசைக்கு இரும்புக் கால் வாங்கப் பூந்தமல்லி போயிருந்த நேரம் பார்த்து எத்திராஜ் வந்துவிட்டார். மூக்கில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு உப்புத்தாள் மிஷினால் மேசையைத் தேய்க்கத் தொடங்கியிருக்கிறார். மேலே கெட்டியானாலும் உள்ளே முழுதாக இறுகாத ரெசின் அது. அந்தத் தூள்தான் எல்லாவற்றிலும் மோசம்.

நான் வந்தபோது மிஷின் மேசைமேல் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. ஆளைக் காணோம். பட்டறைச் சுவருக்குப் பின்னால் குந்தியிருந்தார். உதடு நீலம். மூச்சில் விசில் சத்தம். மணி பைக்கை எடுக்க, எத்திராஜை நடுவில் வைத்து நான் பின்னால் பிடித்துக்கொண்டேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. அந்தக் கூட்ஸ் வண்டிக்கு எத்தனை பெட்டி என்று தெரியாது, முடிவே இல்லாமல் போனது. என் கையில் அவர் நெஞ்சு மேலேறி, இறங்க மறந்து நின்று, பிறகு இறங்கியது.

ஆஸ்பத்திரியில் மருந்தை ஆவியாக மூச்சில் ஏற்றும் நெபுலைசரை முகத்தில் வைத்தார்கள். கொஞ்சம் மூச்சு வந்ததும் அதை விலக்கி என்னைக் கூப்பிட்டார். வீட்டுக்குச் சொல்லச் சொல்வார் என்று குனிந்தேன்.

"பாலீஷ நீயே போட்டுடு அண்ணாத்தே. வட்டமா தேய்க்காத, கோடு வுழும்."

டெலிவரி

மேசையை மணியும் நானும் காட்டுப்பாக்கத்தில் நான்காவது மாடிக்கு ஏற்றினோம். லிப்டில் நுழையவில்லை. கவிதா விளக்கைப் போட்டுவிட்டு, உள்ளங்கையை மேலே வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தார். கண்ணாடி மாதிரி இருக்கிறது என்றார். அவர் மாமியார் மூன்று விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எத்திராஜுக்கு ஆனதைச் சொல்லிவிடலாமா என்று மணி என்னைப் பார்த்தார். வீட்டில் விசேஷம். வேண்டாம் என்று தலையாட்டினேன். கவிதா அடுத்த ஆர்டரைச் சொன்னார்.

"இதச் செஞ்ச அண்ணனையே அனுப்புங்க, பூஜை ரூம் கதவையும் அவரே பண்ணட்டும்."

மேசைக்குப் பல வருட உத்தரவாதம் எழுதிக் கொடுக்கிறோம், ஊற்றுகிறவருக்கு அப்படி எழுதிக் கொடுக்க எந்தக் கம்பெனியும் இன்னும் வரவில்லை. கார்த்திகை முதல் தேதி எத்திராஜ் சேக்காட்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார்.