கடைசி ஆளாய் நடந்த குணம் அண்ணை

குணம் அண்ணை மாரடைப்பில் போய்விட்டார் என்று சங்கச் செயலாளர் தொலைபேசியில் சொன்னபோது, லண்டன் இல்ஃபோர்ட்டில் என் மருந்துக்கடையில் நின்றேன். நான் ஒரு கதிரையைத் தேடி உட்காரும் முன்பே மனுஷன் அடுத்த விஷயத்துக்கு வந்துவிட்டார். "சங்கத்தின்ரை நினைவு மலருக்கு நீங்கள் ஒரு பக்கம் எழுதித் தாங்கோ. முழங்கால் வருத்தத்தாலை மலைப் பயணங்களை விட்டவர் எண்டு போட்டால் காணும்."

விட்டவராம். அவரை விலக்கியது இதே சங்கம். எந்தப் பிழைக்காக விலக்கினீர்களோ, அது யாருடைய பிழை என்பது முழுதாக இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருவர் இப்போது இல்லை.

வட லண்டனில், எட்மண்டன் பக்கம் பஸ் ஓட்டியவர் அவர். எண்பதுகளின் நடுவில், யுத்தம் நடந்த ஊரிலிருந்து என்ன செய்தி வருமோ என்று தொலைபேசிக்குப் பக்கத்திலேயே நாங்கள் கிடந்த காலத்தில், பத்துப் பதினைந்து பேரைச் சேர்த்து வருஷத்துக்கு ஒருமுறை மொரோக்கோவின் பாலைவன மலைகளுக்குக் கூட்டிப்போகத் தொடங்கினார். "ஒரு பச்சை இலை இல்லாத மலையிலை இவருக்கு என்ன வேலை?" என்று ஹரோவில் எங்கள் ஆட்களின் வீடுகளில் சிரித்தார்கள். அப்படிச் சிரித்த இருவர் இரங்கல் கூட்டத்தில் மேடையேறி 'முன்னோடி' என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மலையில் அவருக்கு இரண்டு சட்டங்கள். ஒன்று, ஆளுக்கு ஒரு பிலிம் சுருள்தான்; எடுக்கும் ஒவ்வொரு படத்துக்கும் நாலு வரி எழுதிப் பின்னேரம் எல்லோருக்கும் வாசிக்க வேண்டும். "அண்ணை, எனக்குக் கவிதை எழுத ஏலாது" என்று ஒரு அக்கா முரண்டு பிடித்தார். "கண்டதைச் சொல்லுங்கோ. பொய் சொல்லாட்டிச் சரி" என்றார்.

மற்றது, அவர் கடைசி ஆளாகத்தான் நடப்பார். முன்னால் போகிறவர் வழி பிரியும் இடங்களில் நின்று, பின்னால் வருபவர்களுக்குத் திசை காட்டிவிட்டுத்தான் நகர வேண்டும். "பிரியிற இடத்திலை நிக்கிறவன்தான் வழிகாட்டி. நான் சும்மா பின்னுக்கு வாறன்" என்பார்.

அவருடைய கடைசிப் பயணத்தில் முன்னால் நடந்தவன் நான். உள்ளூர் வழிகாட்டி கழுதைகளோடு முகாமுக்கு முந்திப் போய்விட்டார். பள்ளத்தாக்கு இரண்டாகப் பிரியும் இடத்தில் நின்றபோது, மேலே பாறையில் ஒரு காட்டு ஆட்டைக் கண்டேன். கமராவைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். இறங்கி வந்தால், பதினொரு பேர் பிழையான பக்கம் போய்விட்டார்கள். கால் கொப்பளித்த அந்த அக்காவை மெல்ல நடத்திக்கொண்டு குணம் அண்ணை அப்போதுதான் வந்து சேர்ந்தார். என் முகத்தைப் பார்த்தார், கமராவைப் பார்த்தார். அக்காவை என்னோடு முகாமுக்கு அனுப்பிவிட்டு வெயிலில் தனியே போனார். சரளைக்கல்லில் சறுக்கி முழங்கால் போனது. நொண்டிக்கொண்டே பதினொரு பேரையும் பொழுதுபடுமுன் கொண்டுவந்து சேர்த்தார். தண்ணீர் இல்லாமல் இரண்டு பேர் மயங்கியிருந்தார்கள்.

லண்டனில் சங்கம் கூட்டம் கூட்டி விசாரித்தது. "குழுவுக்குப் பொறுப்பு நான்" என்றார் குணம் அண்ணை. "பொறுப்பில்லாத ஆள், இனிமேல் இவரை நம்பிச் சனத்தை அனுப்ப ஏலாது" என்று தீர்த்தார்கள். நான் இரண்டாவது வரிசையில் தேத்தண்ணீர்க் கோப்பையோடு இருந்தேன். வாய் திறந்தால் என் மரியாதை என்னாகும் என்று பயம். வெட்கங்கெட்டவன் நான். பத்து வருஷம் நடத்திக் கூட்டிப்போன மனுஷனிடம் ஒரு கேள்வியைக்கூட ஒழுங்காகக் கேட்காத நீங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை.

அவர்மேலும் எனக்குக் கோபம்தான். ஒருதரம் என்னைத் திட்டியிருக்கலாம். சில மாதம் கழித்து அவருடைய பஸ்ஸில் ஏறி, கழுவி எடுத்த ஆட்டுப் படத்தை நீட்டினேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், வாய் வரவில்லை. வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"நல்ல படம்தான். நாலு வரி எங்கை?"

பின்னால் சனம் ஏறக் காத்து நின்றது. நான் உள்ளே நகர்ந்தேன். அதன்பிறகு அவர் மலைப்பக்கமே போகவில்லை.

அந்தப் படம் என்னிடம் இருக்கிறது. அதன் பின்பக்கம் இத்தனை வருஷமும் வெறுமையாகக் கிடந்தது. நேற்று எழுதினேன். செயலாளர் மற்றதையெல்லாம் வெட்டினாலும் இதை வெட்டக்கூடாது.

ஆடு என்னைப் பார்த்தது, நான் ஆட்டைப் பார்த்தேன்.
வழி பிரியும் இடத்தில் ஆளில்லை.
பதினொரு பேரைத் தேடிப் போனவர் குணம்.
அவரைப் பழித்த அறையில் பேசாமல் இருந்தவன் நான்.